அம்பு ஒட்டிய பக்கம்

பாதிப் படம் பார்த்ததால்தான் அந்த நாவல் என் கைக்கு வந்தது. முழுப் படமும் பார்த்திருந்தால் வந்திருக்காது. முடிவு தெரிந்த கதையைத் தேடிப் பிடித்துப் படிக்கிற ஆள் இல்லை நான்.

படத்துக்குப் போகலாம் என்று கேட்டது அம்மா. அதுவே அதிசயம். டிவியில் யாராவது அழுதால்கூட, “இவிங்க அழுவறதயும் நாமதா ஒக்காந்து பாக்கோணுமா?” என்று அணைத்துவிடுகிறவள் அவள். அவிநாசிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்துக்கு எதிர்ச்சுவரில் அந்தப் படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ரெட்டை ஜடை போட்ட பிள்ளை ஒருத்தி, உப்பளத்துக்கு நடுவில் புத்தகப் பையோடு நிற்கிறாள். கடைக்குப் போகிறபோதெல்லாம் அம்மா அதைப் பார்த்திருக்கிறாள் போல. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, “ஏங்கண்ணு, உப்புக் காட்டுல ஒரு புள்ள நிக்குதே, அந்தப் படத்துக்கு ஞாயித்துக்கெழம போலாமா?” என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். சரி என்றேன்.

திருப்பூரில் மத்தியானக் காட்சி. உப்பளத்து ஊரில் அப்பா இல்லாத பிள்ளை. நன்றாகப் படிக்கிறாள். பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் ஊரின் ஒவ்வொரு தெருவையும் வரைபடமாக வரைந்து வைக்கிறாள். ஒரு நாள் அவளுடைய அம்மா அவளைப் பள்ளிக்கூடம் போக வேண்டாம், உப்பளத்துக்கு வா என்கிறாள். அந்த இடத்தில் இடைவேளை விட்டார்கள். விளக்கு போட்டதும் திரும்பிப் பார்த்தால், அம்மா முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. எப்போதிலிருந்து அப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. படம் கெட்டுவிடும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அம்மா இருபது வருஷத்துக்கு மேல் பனியன் வேஸ்ட் குடோனில் துணி பிரித்தவள். தலை, புருவம், இமை எல்லாம் பஞ்சு ஒட்டித்தான் வீட்டுக்கு வருவாள். நுரையீரல் போய்விட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டிச் சொன்னார். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, “ஊட்டுல வெச்சு நல்லாப் பாத்துக்கங்கம்மா, ரொம்ப நாளு சொல்ல முடியாதுங்க” என்றார். நான் மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். அழ வேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை.

முதலில் சில நாள் வார்டில் வைத்து அம்மாவுக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். மறுநாள் அதை ஒரு விரலால் தூக்கிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “அந்தப் புள்ள மறுக்காப் பள்ளிக்கூடம் போச்சா?”

“எந்தப் புள்ள?”

“படத்துல.”

“எனக்கென்ன தெரியும்? உன்னோடதான எந்திரிச்சு வந்தேன்?” என்று வள்ளென்று விழுந்தேன். அம்மா மாஸ்க்கை இறக்கிக்கொண்டாள்.

அவள் கேட்டது படத்துப் பிள்ளையைப் பற்றி மட்டும் இல்லை. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நான் பத்தாவது பாஸ் ஆன வருஷம், பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், யூனிபார்மைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவிட்டுக் குளித்து வந்தேன். நாற்காலியில் யூனிபார்ம் இல்லை. சுடிதார் ஒன்று இருந்தது. பக்கத்தில் சாப்பாட்டுக் கூடை. “எட்டு மணிக்கு கம்பெனி வேன் வந்துரும், கெளம்பு கண்ணு” என்றாள் அம்மா. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒருத்தி வேலைக்குப் போய் வீடு நடக்காது என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நானே போயிருப்பேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்தபோது உள்ளே எதுவோ மரத்துப்போனது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி. பதினாலு வருஷம் ஆகிறது. நடுவில் கல்யாணம் ஆகிப் போய், ஒத்து வராமல் திரும்பி வந்தேன். அப்போதும் அழவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மன்னிக்கவும் இல்லை.

கம்பெனியில் பக்கத்து மேஜைப் பெண் திருநெல்வேலிப் பக்கம். வெள்ளிக்கிழமை படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுவாள். “யக்கா, நீங்க பாதில வந்துட்டீயளாமே, செகண்ட் ஆஃப்லதான் இருக்கு சமாச்சாரமே” என்று ஆரம்பித்தாள். “வாய மூடு, கதையச் சொன்னீன்னா கொன்னுருவேன்” என்றேன். அவள் சிரித்துவிட்டு, அது ஏதோ பழைய நாவலாம், எழுத்து போடும்போதே காட்டினார்கள் என்றாள். சாயங்காலம் வேனில் ஏறாமல், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற புத்தகக் கடைக்குப் போனேன். படம் வந்ததும் அட்டையில் நடிகையின் படத்தைப் போட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் பழைய பதிப்பு ஒன்று கிடந்தது. அட்டையில் ஆளே இல்லை, வெறும் உப்புக் குவியல். அதை எடுத்துக்கொண்டேன்.

பத்தாவதுக்குப் பிறகு நான் முழுசாகப் படித்த முதல் புத்தகம் அது. முதல் பத்துப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் பிடித்துக்கொண்டது. படத்துப் பிள்ளையைச் சிரிக்க வைத்தே கெடுத்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் கன்னத்தில் குழி விழ ஒரு சிரிப்பு. புத்தகத்தில் இருப்பவள் கோபக்காரி. அத்தைக்காரி வந்தால் தண்ணீர் கொடுக்காமல் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். வயசுக்கு வந்த அன்று எல்லோரும் சுற்றி நின்று பாடும்போது, இந்தத் தெருவை வரைபடத்தில் இருந்தே அழிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள். அதைப் படித்ததும் நான் தனியாகச் சிரித்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது, எனக்கும் அப்படியேதான் இருந்தது! இத்தனை வருஷம் நான் மட்டும்தான் அப்படிக் கெட்டவள் என்று நினைத்திருந்தேன். யாரோ ஒருத்தர், என்னைப் பார்த்தே இராதவர், என் வயிற்றெரிச்சலை அச்சில் போட்டு வைத்திருக்கிறார். கம்பெனி பாலித்தீன் பை ஒன்றை வெட்டி அந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்டேன். சோற்றுக் கையோடு யாரும் தொடக் கூடாது என்று சட்டமும் போட்டேன். பக்கத்து மேஜைக்காரி “டீச்சரம்மா சாப்புட வாறாவ, எல்லாரும் எந்திங்க” என்று கேலி பண்ணினாள்.

நான் செக்கிங் பார்க்கிறவள். ட்யூப் லைட்டுக்குக் கீழே தைத்து வந்த பனியன் பீஸை விரித்து, திருப்பி, இழுத்துப் பார்ப்பேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்ட தையல் எது இருந்தாலும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து, முனை அந்தக் குறையைக் காட்டுகிற மாதிரி ஒட்டிப் போடுவேன். டெய்லர் சரிசெய்து அனுப்பியதும் மறுபடி என்னிடம் வரும். சரியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றினால் நானே அம்பை உரித்துவிடுவேன். நான் சரி என்று சொல்லாமல் சூப்பர்வைசரே ஆனாலும் அதை உரிக்கக் கூடாது. ஸ்டிக்கர் தாள் எப்போதும் என் பையில் கிடக்கும். அதனால் புத்தகத்தில் பிடித்த வரி வந்தபோதெல்லாம், வேறு யோசனையே இல்லாமல், ஓரத்தில் ஓர் அம்பை ஒட்டிவிட்டுப் போனேன்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, தினமும் வேலை முடிந்து வந்ததும் அவளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். பாசம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று அவள் கேட்டுவிட்டாள், பதில் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்று ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கையெழுத்து போடத்தான் தெரியும். சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக் கேட்பாள். முதல் நாள் நான் டீ வைக்கப் போனபோது புத்தகத்தை எடுத்துப் புரட்டியிருக்கிறாள். நான் வந்ததும், “ஏங்கண்ணு, புதுப் பொஸ்தகத்துல இத்தன டேமேஜா? கடக்காரருகிட்டக் குடுத்து வேற மாத்தி வாங்கிக்கலாமல்லோ?” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அம்புகளைப் பார்த்தேன். பத்துப் பக்கத்துக்கு ஒன்று, சில பக்கத்தில் மூன்று. “டேமேஜ் இல்லீம்மா. எனக்குப் புடிச்ச எடம் அதெல்லாம்” என்றேன்.

“புடிச்ச எடத்துக்கு அம்பு ஒட்டுவாங்களா? என்ன கம்பெனியோ போ” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக முடிந்தது.

பள்ளிக்கூடத்தை நிறுத்தி வேலைக்கு அனுப்புகிற அத்தியாயம் பதினோராம் நாள் வந்தது. புத்தகத்தில் படத்தைப் போல வசனமே இல்லை. அந்த அம்மா மகளிடம் எதுவும் சொல்வதில்லை. அன்று காலையில் அவளை எழுப்பாமல் விட்டுவிடுகிறாள். பிள்ளை கண் விழிக்கும்போது வெயில் கூரைக்கு வந்திருக்கிறது, பள்ளிக்கூடத்து மணி அடித்து முடிந்திருக்கிறது. எழுப்பாததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. இரண்டே பக்கம். நான் சத்தத்தை ஏற்றாமல் இறக்காமல் படித்தேன். தனியாகப் படித்தபோது நான் நிறுத்தியிருந்த இடமும் அதுதான், அந்தப் பக்கத்தில் மட்டும் அம்பு ஒட்டியிருக்கவில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், “நாளைக்குப் படிக்கலாம்” என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து மீதி இருந்த கடைசி அத்தியாயத்தைத் தனியாகப் படித்து முடித்தேன். பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. உப்பு வெட்டி விரல் பிளந்து, அந்த விரலோடு ஊரை மறுபடி ஒரு வரைபடம் வரைகிறாள். அதில் பள்ளிக்கூடம் இல்லை. அவளுடைய வீடும் இல்லை. அதோடு முடித்துவிட்டார்கள். ஐயோ, இதை எப்படி அம்மாவிடம் படிப்பது? பக்கத்து மேஜைக்காரியிடம் போய், “படத்துல கடைசில என்ன ஆகுது, சொல்லு” என்றேன்.

“கொன்னுருவேன்னீயளே?”

“சொல்லுடி.”

படத்தில் அந்த அம்மாவே மனசு மாறி, மகளின் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுவந்து விடுகிறாளாம். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுகிறார்களாம். “நானும் அழுதுட்டேன்க்கா” என்றாள்.

அன்று சாயங்காலம் கடைசி அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படத்தின் முடிவைப் படித்தேன். வரி வரியாக இட்டுக்கட்டினேன். பள்ளிக்கூட வாசல், மணிச் சத்தம், அழுகை எல்லாம் வைத்தேன். எனக்கே நன்றாக வந்த மாதிரி இருந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தன நேரம் படிச்சியே கண்ணு, ஒருக்காக்கூடப் பக்கத்தத் திருப்பலியே” என்றாள்.

நான் புத்தகத்தை மூடப் போனேன்.

“உள்ளதப் படி.”

உள்ளதைப் படித்தேன். பிளந்த விரல், வரைபடம், பள்ளிக்கூடம் இல்லாத ஊர், வீடு இல்லாத தெரு. இந்த முறை பக்கங்களைத் திருப்பினேன். அம்மா மூச்சு மருந்துக் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டாள். நெபுலைசர் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும், “அவங்கம்மா எழுப்பாம உட்டுச்சே, அந்தப் பக்கத்த எடு” என்றாள். எடுத்துக் காட்டினேன். “ஒரு ஸ்டிக்கர் குடு.”

தாளிலிருந்து அவளால் உரிக்க முடியவில்லை. நான் உரித்துக் கொடுத்தேன். கட்டை விரலால் அந்தப் பக்கத்தின் நடுவில், எழுத்தின் மேலேயே ஒட்டி அழுத்தினாள்.

“நீ ஒட்டறாப்பல புடிச்ச எடத்துக்கு ஒட்டல. இது டேமேஜுக்குத்தான். நாஞ் செஞ்சது” என்றாள். “உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கோணும். கேட்டா நீ அழுவீன்னு பயந்துட்டேன். உனக்கு எப்ப எடுக்கோணும்னு தோணுதோ அப்ப எடுத்துக்க. அது வரைக்கும் கெடக்கட்டும்.”

பதினாலு வருஷமாக நான் காத்திருந்த பேச்சு அது. வந்தே வந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஏழரை ஆச்சு, மாத்திரையப் போடு” என்றேன். தண்ணீர் கொடுத்தேன். அவள் விழுங்கினாள்.

அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் நான் வேலை முடிந்து வந்து புத்தகத்தை எடுத்தால், எடுத்த கையையே பார்ப்பாள். நான் முதலிலிருந்து மறுபடி படித்துக் காட்ட ஆரம்பித்திருந்தேன், அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் வந்தது. அம்பு இருந்தது. உரிக்கவில்லை, படித்துவிட்டுத் திருப்பினேன். அவள் கண் அந்தப் பக்கத்தோடு திரும்பியதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் பொய் சொன்னதாகிவிடும். நான் பதினாலு வருஷம் சுமந்தேன், நீ பத்து நாள் சுமந்தால் குறைந்து போய்விட மாட்டாய் என்று நினைத்தேன். உரிக்க வேண்டும் என்று இருந்தால் ஒரு விநாடி வேலை. நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் வந்துவிடும். தினமும் நூறு அம்பு உரிக்கிற கை இது.

அப்புறம் ஷிப்மென்ட் அவசரம் வந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரிடமிருந்து ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தரும் லீவு போடக் கூடாது என்றார்கள். இந்த ஷிப்மென்ட் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து அம்மாவிடம் பேசுவோம் என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலையில் கிளம்பும்போது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டு வேனில் ஏறினேன்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினார். “கண்ணு, அம்மா போயிட்டாங்க, நீ ஒடனே வா சாமி” என்றார். கையில் ஒரு பீஸ் இருந்தது. அதை முழுசாகப் பார்த்து முடித்து, தேறின பீஸ்களின் அடுக்கில் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். பக்கத்து மேஜைக்காரி ஓவென்று அழுதுகொண்டு என்னோடு ஆட்டோவில் வந்தாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். பொங்கலூரிலிருந்து வந்த பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, தள்ளிப் போய் இன்னொருத்தரிடம், “கல்லாட்ட நிக்குது பாருங்க, ஒரு சொட்டுத் தண்ணி வருதா?” என்றார். எனக்குக் கேட்டது. அவர் சொன்னதில் தப்பு இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனேன். பக்கத்து மேஜைக்காரி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் அந்தப் படத்தின் இரண்டாம் பாதியைப் போட்டு, என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். பள்ளிக்கூட வாசல் வந்தது. கட்டிக்கொண்டு அழுதார்கள். பின்னால் பாட்டு. சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் டப்பாவை மூடிக்கொண்டு, “மணி அடிச்சாச்சு” என்று எழுந்தேன். அழகான முடிவுதான், குறை சொல்லவில்லை. எனக்கு வேண்டிய முடிவு அது இல்லை.

நாவலை அதற்குப் பிறகு நாலு முறை படித்துவிட்டேன். இப்போது வேறு புத்தகங்களும் வாங்குகிறேன், ஆனால் அது மாதிரி எதுவும் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையின் கோபம் எனக்கு மனப்பாடம். முன்பெல்லாம் அவளைத்தான் படித்தேன். இப்போது அந்த இரண்டு பக்கத்தில் அவளுடைய அம்மாவைத் தேடுகிறேன். மகள் தூங்குகிற நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அடுப்படியில் நின்றிருப்பாள். யூனிபார்மை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பாள். மகள் அழுதால் என்ன செய்வது என்று பயந்துகொண்டு நின்றிருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அம்மாவின் கட்டை விரல் அழுத்தின இடத்தில் அம்பு லேசாக மடிந்திருப்பதைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது பாட்டுக்கு வந்தது, நான் தடுக்கவில்லை. நகத்தை ஓரத்தில் வைத்தேன். எடுத்துவிடலாம் அம்மா, இப்போது தோன்றுகிறது என்று வாய்விட்டே சொன்னேன்.

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நான் உரிப்பதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.